ஏறாத பிரஷர்

நெஞ்சு வலிக்கிறது என்ற கணவர், வாயுப் பிடிப்புதான் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார், எழவில்லை. அந்தப் பயத்தில்தான் செசிலி மணிக்கட்டில், போனோடு இணைந்து இதயத்தைக் கண்காணிக்கும் பேசும் பட்டை கட்டிக்கொண்டாள். அது சொன்னபடி கருவாட்டை விட்டாள், ஊறுகாயை விட்டாள், அப்பளத்தையும் விட்டாள்.

அவள் பிறந்தநாளன்றுகூட மும்பையிலிருந்து தம்பி லாரன்ஸ் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் பேசுவான். அம்மா மீன்குழம்புக்குத் தேங்காய் அரைத்தாளா இல்லையா என்று ஆரம்பித்து, பெரிய சண்டையில் முடியும்.

"என்னைய மறந்தே போயிட்டானே!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"மறக்கலம்மா," என்றது பட்டை. "போன மாசம் வரைக்கும் கூப்பிட்டுட்டேதான் இருந்தாரு. அவர் பேசினாலே உங்களுக்கு பிரஷர் ஏறுது. அதான் கருவாடு மாதிரி அவரையும் நிறுத்திட்டேன்."

"நீ யாரு நிறுத்துறதுக்கு? ஏறுனா ஏறிட்டுப் போகுது. இப்பவே அவனுக்குப் போன் போடு!"

ஒரே ஒரு மணி அடித்துக் கட் ஆனது. மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் கட் ஆனது.

"போன மாசம் அவரும் பட்டை கட்டிட்டாரும்மா," என்றது அது. "நீங்க பேசினா அவருக்கு ஏறுதாம்."