வடிகட்டிக் கூடை
குவெர்னவாக்கா நகரின் காலை வெயில் நீச்சல்குளத்தின் அடித்தரையில் வலைவலையாக ஆடுகிறது. வாரம் ஒருமுறை குளத்தைச் சுத்தம் செய்ய வரும் நான், வடிகட்டிக் கூடையை எடுத்து ஈரக் கல்லில் கவிழ்க்கிறேன். காகிதப்பூ இதழ்களும் செத்த தேனீ ஒன்றும் விழுகின்றன. வீட்டுக்காரர் அன்செல்மோ முழங்காலிட்டு இதழ் இதழாக விலக்கித் தேடுகிறார். தினமும் இங்கே நீந்திய அவர் மனைவி ஓர்த்தென்சியா இறந்து மூன்று வாரமாகிறது. போன வாரம்கூட அந்த அம்மாவின் நீளமான நரைமுடி ஒன்று சிக்கியிருந்தது. அதை அவர் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். “இன்னிக்கு ஒண்ணுமே இல்லையா, ஃபெர்மின்?” “இல்லீங்கய்யா.” சோதனைக் குப்பியை வெளிச்சத்தில் பிடிக்கிறேன், குளோரின் அளவு சரியாக இருக்கிறது. “தண்ணி நல்லா சுத்தமாயிடுச்சு” என்கிறேன். அவர் விரல்கள் அப்படியே நிற்கின்றன. “நீ ஏம்ப்பா இவ்ளோ நல்லா வேலை செய்யிற?”