வெள்ளைப் பலகை

விளக்கை அணைப்பதற்கு முன் தலைவர் இன்னொரு முறை சொல்லிவிட்டார்.

"என் நங்கூரம் மணல்லதான் இறங்கும். பார்த்துப் போடுறவனுக்கு மிதவை எதுக்கு?"

சுற்றுலாப் படகு உரிமையாளர்கள் சங்கத்தின் கூடத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் இருந்த மாமியார் கைதட்டவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்ற மருமகள் எதுவும் காதில் விழாதவள் போல மடிக்கணினியைத் திறந்தாள்.

பவளப் பாறைகள் இருக்கும் இடத்தில் இனி யாரும் நங்கூரம் போடக் கூடாது, கடலடியில் பிணைத்த மிதவைகளில்தான் படகைக் கட்ட வேண்டும் என்பது மருமகளின் கோரிக்கை. போன கூட்டத்தில் தோற்றுப்போனாள். இன்று படம் முடிந்ததும் மறுபடி கை தூக்கச் சொல்வார்கள். இன்றும் தோற்றால், பயணிகள் வந்து குவியும் பருவம் முடிவதற்குள் அங்கே காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது.

படம் ஓடத் தொடங்கியது.

நீருக்கடியில் மருமகள் எடுக்கும் எல்லாப் படங்களுக்கும் மாமியார்தான் துணை. பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு மருமகள் பின்னோக்கி நகரும்போது, பாறையில் இடித்துக்கொள்ளாமல் இடுப்புப் பட்டையைப் பிடித்து வழி நடத்துவாள். வாயில் காற்றுக் குழாய் இருப்பதால்தான் அந்த வீட்டு மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகிறது என்று படகுத்துறையில் ஒரு கிண்டல் உண்டு. அதை மாமியாரே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு.

ஆழம் போகப் போகக் கடல் சிவப்பை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் கேமராவின் எதிரே ஒரு வெள்ளைப் பலகையைப் பிடிக்க வேண்டும். எது வெள்ளை என்று கேமராவுக்குத் தெரிந்தால்தான் மற்ற நிறங்கள் ஒழுங்காக வரும். பிறகு பலகையையும் பிடித்த கையையும் மருமகள் வெட்டி எறிந்துவிடுவாள்.

இத்தனை படங்களில் ஒன்றில்கூட அவள் விரல்நுனி தெரிந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

திரையில் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. தன் பயணிகளுக்கு இதையே போட்டுக் காட்டலாம் போலிருக்கிறதே என்று யாரோ சொன்னார். அடுத்து மேசை போல அகலமாக விரிந்த பவளம், ஊதா நுனிகளோடு. கூடத்தில் இருந்த அத்தனை பேரையும்விட வயதானது.

திடீரென்று திரை வெளுத்தது.

பலகை. அதைப் பிடித்த கை. நீச்சல் குளத்தின் விளிம்பில் எப்போதோ அடிபட்டு வளைந்துபோன சுண்டுவிரல்.

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெட்ட மறந்துவிட்டாளா? ஒரு நொடியைக்கூட மறக்கிறவள் இல்லையே இவள்.

பலகை விலகியது. அதே பவளம். மேலே ஒரு படகின் அடிப்பாகம் வெயிலை மறைத்தது.

நங்கூரம் இறங்கியது.

சங்கிலி இழுபட்டது. மேசைப் பவளம் நடுவில் பிளந்து, மாவு போலத் தூள் கிளம்பியது. கேமரா அசையவில்லை. தூள் அடங்கியபோது நங்கூரத்தின் ஆரஞ்சுப் பூச்சும் அதன்மேல் இரண்டு வெள்ளைக் கோடுகளும் தெரிந்தன.

அந்தப் பூச்சு யாருடையது என்று படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். தலைவரைப் பார்த்துவிடாமல் இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள்.

அதைப் படம்பிடித்த அன்று மாமியாரும் மருமகளும் கரையிலிருந்தே நீந்திப் போயிருந்தார்கள். ஆள் இருப்பதைக் காட்டும் கொடி மிதவை தள்ளி ஒரு பாறையில் சிக்கிக்கொண்டது. மேலே இருந்தவருக்குத் தெரிய வழியில்லை. நங்கூரம் இறங்கியபோது மருமகளின் உடம்பு நடுங்கியதை மாமியாரின் பிடி உணர்ந்தது. கேமராவைப் பிடித்த கைகள் மட்டும் நடுங்கவில்லை. காட்சி முடிந்த பிறகே மருமகள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். கடலுக்கடியில் அதற்கு ஒரே பொருள்: நான் நன்றாக இருக்கிறேன்.

இருவரும் கரையேறினார்கள். இதைப் படத்தில் வைக்கலாமா அத்தை என்று மருமகள் கேட்டாள். மாமியார் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வை என்றாள். வீட்டில் இருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

விளக்கு எரிந்தது. செயலாளர் தொண்டையைச் செருமி, மிதவைக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

ஒரு கையும் எழவில்லை.

தலைவர் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார். வசமாக மாட்டிக்கொண்டால் அவர் செய்வது அதுதான். தப்பிக்க வழியா இல்லை? அந்தப் பூச்சு கடையில் யாருக்கும் கிடைக்கும். படத்தில் என்ன வேண்டுமானாலும் ஒட்டலாம். அவர் என்னவெல்லாம் சொல்லக்கூடும் என்பது மாமியாருக்கு அத்துப்படி.



ஆனால் முதலில் உயர்ந்த கை அவருடையது.

பின்னால் ஒவ்வொன்றாக மற்ற கைகள் எழுந்தன. மருமகள் அவற்றைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடம் கலைந்தபோது தலைவர் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து மாமியாரின் எதிரே குந்தினார். அவள் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, வளைந்த சுண்டுவிரலைத் தடவினார்.

"அன்னைக்குக் கீழே நீயா இருந்தே, அம்மா?"

அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மகனை நினைத்தா மருமகளை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் வழிந்துவிடும்.

கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். மற்ற விரல்கள் நிமிர்ந்து நின்றன, சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்து.