பொன்னாடைக் கூட்டம்

ஒரு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஸ்டாண்டு ஒன்று, நித்திலா என்ற சின்னப் பெண்ணின் கட்டிலை விட்டு நகராமல் நின்றது. அவளுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. ஈறிலும் ரத்தம் கசிந்தது.

"வெறும் காய்ச்சல்தான்டா," என்றது தெர்மாமீட்டர்.

ஸ்டாண்டுக்கு மனசு ஆறவில்லை. உருண்டு லேபுக்குப் போய் மைக்ரோஸ்கோப்பைக் கேட்டது.

"ரத்தப் புற்றுநோய். அவ ரத்தத்தைப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏண்ணே வார்டுல சொல்லல?"

"தெர்மாமீட்டர் வந்து கேட்டானா? நானா போய்ச் சொன்னா என் மரியாதை என்னாகும்?"

வார்டுக்குத் திரும்பி, லேபில் கேட்கச் சொன்னால் தெர்மாமீட்டரோ, "அவன்கிட்ட நான் பாடம் படிக்கணுமா?" என்று முறைத்தது.

ஸ்டாண்டு கெஞ்சிக் கூத்தாடி இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றியது. 'சேர்ந்து கற்போம்' என்று பேனர் வேறு. முதல் பொன்னாடை யாருக்கு என்பதிலேயே பாதி நாள் போனது. பிறகு ஒன்றை ஒன்று புகழ்ந்து தள்ளின. நித்திலா பேரை யாரும் எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் ஸ்டாண்டு வார்டுக்கு ஓடியது. அங்கே நித்திலாவின் காலிக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொன்னாடையோடு திரும்பி வந்த தெர்மாமீட்டர் கோபமாகக் கேட்டது: "எங்கடா போன? குரூப் போட்டோவுல உன்னைக் காணோமே."