கோணல் தோணி

"உன்ட தோணிய நீ எப்பிடிச் செய்யத் தொடங்கின?" என்று கேட்டார் விதுர்ஷா ரீச்சர்.

"பெரியப்பா வந்த பொறகுதான் தொடங்கின, ரீச்சர்" என்றான் தனோஜன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

நாலாம் வகுப்புக்குச் சுற்றாடல் பாடம். மிதப்பவை எவை, அமிழ்பவை எவை. அவரவர் கையால் ஒரு தோணி செய்து வர வேண்டும், வகுப்பிலேயே மிதக்கவிட்டுப் பார்ப்போம், பிள்ளை தானாகச் செய்த நல்ல தோணி ஒன்று வலயக் கண்காட்சிக்குப் போகும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். சொன்னதுதான் தாமதம், தன்னாமுனையில் அந்த வாரம் ஒரு தகப்பனும் உருப்படியாகத் தொழிலுக்குப் போகவில்லை.

வந்து சேர்ந்த தோணிகளைப் பார்க்க வேண்டுமே. ஒன்றுக்கு எஞ்சின் பூட்டியிருந்தது. இன்னொன்றுக்கு இரண்டு பூச்சுப் பெயின்ற், பெயர்ப் பலகை, வலை, வலைக்குள் மீன். பிறின்ஸின் தோணியை வகுப்புக்குள் எடுக்க ஜன்னலைக் கழற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பேசினுக்குள் தோணியை வைப்பதா, தோணிக்குள் பேசினை வைப்பதா என்று ரீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

எந்த உளியால் செதுக்கினாய் என்று பிறின்ஸைக் கேட்டதற்கு, அது தோணியைச் செதுக்கிய ஓடாவியாருக்குத்தான் தெரியும் என்றுவிட்டான்.

கடைசியாக டினுஷா வந்தாள். தோணி கட்டுகிற நோபேட்டின் மகள். நோபேட் கட்டிய தோணி ஆளில்லாமலே வாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்து சேரும் என்பது ஊர்க் கதை. மகளின் கையில் இருந்ததோ, முள்முருக்கங் கட்டையில் குடைந்த ஒரு கோணல் தோணி. பேசினில் விட்டதும் அது ஒரு பக்கம் சாய்ந்து, ஒள்ளமாக ஒரு வாய்த் தண்ணீரும் குடித்து, இருந்த இடத்திலேயே கிறுகிக் கிறுகிச் சுற்றியது.

"தோணிக்காரன்ட மகள்ட தோணி கள்ளுக் குடிச்சிற்று" என்றான் தனோஜன். வகுப்பே சிரித்தது.

ரீச்சர் சிரிக்கவில்லை. அவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இத்தனை தோணிக்குள் பிள்ளையின் கை பட்டது இது ஒன்றுதான். ஊருக்கெல்லாம் தோணி கட்டுகிற மனிசன், மகளின் தோணியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாரே. அதற்கு எவ்வளவு மனத்தைரியம் வேண்டும்.

"இதுதான் கண்காட்சிக்குப் போகப் போகுது" என்றார்.

டினுஷாவின் கண் கலங்கிவிட்டது. "வேணாம் ரீச்சர். இது நான் செஞ்சதில்ல."

"பின்ன ஆரு செஞ்ச?"

"அப்பா."

பள்ளி விட்ட நேரம் நோபேட் சைக்கிளோடு கேற்றடியில் நின்றார். ரீச்சர் விறுவிறுவென்று போய்த் தோணியை அவர் கையில் வைத்தார்.

"இது நீங்க செஞ்சதா?"

நோபேட் நிலத்தைப் பார்த்தார். "ஓம் ரீச்சர். இடக்கையாலதான் செஞ்சன். வலக்கையால வெட்டினா நேராப் போயிருது."

ரீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மத்தவங்க செஞ்சது வெளிச்சமாச் செஞ்ச களவு. நீங்க செஞ்சது களவுக்குள்ள களவு. புள்ள செஞ்ச மாதிரியே கோணலாக்கி என்னை ஏமாத்தப் பாத்திருக்கீங்க."

அதோடும் விடவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்ததையும், பிள்ளை அழுததையும், தகப்பனின் பொய்யை மகள் சுமந்துகொண்டு வந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.  நோபேட் தோணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி வீட்டுல செஞ்ச ஒரு தோணியும் எனக்கு வேணாம்" என்று முடித்தார் ரீச்சர். "நாளைக்குக் கட்டையை நான் குடுக்கிறன். ஒவ்வொரு புள்ளயும் வகுப்புலயே, என்ட கண்ணுக்கு முன்னால இருந்து செய்யட்டும். உங்கட மகளும்தான்."

இதைக் கேட்டதும் நோபேட் நிமிர்ந்தார். இவ்வளவு ஏச்சு வாங்கிய மனிசனின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"மெய்யாவா, ரீச்சர்? கட்டாயம் அப்பிடிச் செய்யுங்க."

ரீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சிரிக்கிறீங்க? மகளுக்குச் செய்யத் தெரியாதெண்டுதானே நீங்க செஞ்சு குடுத்தனுப்பின?"

"தெரிஞ்சதுதான் ரீச்சர் வில்லங்கம்" என்றார் நோபேட். "அவள் செஞ்ச தோணி வீட்ட இரிக்கி. எள்ளளவு கோணல் இல்ல. அதக் கொண்டு வந்தா, தோணிக்காரன் செய்யல்ல, மகள்தான் செஞ்சதெண்டு ஆரு நம்புவாங்க?"