புடவைக்கு மார்க் போடும் மாமி

"ஏண்டி நீரஜா, இந்தப் புடவையை நெய்தவன் தூங்கிண்டே நெய்தானா?" என்று காமாக்ஷி கேட்டதும், கூடத்தில் சுண்டல் மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

கேட்கிற இடமா அது? கொலு பார்க்கிற சாக்கில் நீரஜாவைப் பெண் பார்க்க வந்து, ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள் பிள்ளையின் தாயார் தைலாம்பாள். பிள்ளை கல்யாணராமனுக்குக் கோட்டையில் சர்க்கார் உத்தியோகம். நீரஜாவின் அப்பாவோ பள்ளிக்கூட வாத்தியார். இதற்கு முன் வந்த வரன்கள் வீட்டைப் பார்த்ததுமே வந்த வழியே திரும்பிவிட்டன. இதுவாவது அமைய வேண்டுமே என்று நீரஜாவின் அம்மா ஞானாம்பாளுக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

காமாக்ஷியைத் தெரியாதவர்கள் மயிலாப்பூரில் இருக்க முடியாது. வக்கீல் சுப்பராமனின் மனைவி. நவராத்திரி வந்தால் மற்றவர்கள் கொலு பார்க்கப் போவார்கள், அவள் புடவை பார்க்கப் போவாள். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தாலாவது தேவலை. அபிப்பிராயம் சொல்லாமல் அவளால் தாம்பூலம் வாங்கிக்கொள்ள முடியாது.

இந்த வருஷம் முதல் நாளே வடக்கு மாட வீதியில் ஒரு ஜட்ஜ் மனைவியின் மயில்கழுத்துப் பட்டைப் பாஸ் செய்தாள். மறுநாள் லஸ்ஸில் ஒரு குமாஸ்தா மனைவியின் வெங்காயக் கலர் பட்டுக்கு, பார்டர் ரயில் தண்டவாளம் மாதிரி இருக்கிறது என்று ஃபெயில் போட்டாள். யுத்தம் முடிந்தும் துணிக்குக் கன்ட்ரோல் முடியாத காலம். ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்களே என்று விடக்கூடாதோ? இத்தனைக்கும் பீரோ நிறையப் பட்டு வைத்துக்கொண்டு, தான் மட்டும் ஒரு நூல் சுங்கடியோடு சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஊர் வம்பு வேறு, பெண் பார்க்கிற இடம் வேறு. அந்த வித்தியாசம்கூடவா தெரியாது?

வந்து உட்கார்ந்ததிலிருந்தே தைலாம்பாள் நீரஜாவின் முகத்தைவிட அவள் கட்டியிருந்த பச்சைப் பட்டைத்தான் உற்று உற்றுப் பார்த்தாள். கடைசியில், "இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்று இழுத்தாள். அப்போதுதான் காமாக்ஷி அந்தக் கேள்வியோடு குறுக்கே பாய்ந்தாள். கேட்ட கையோடு தைலாம்பாள் பக்கம் திரும்பினாள்.

"பார்க்காம என்ன மாமி? கிளிப்பச்சையில அரக்கு பார்டர். இந்த வருஷம் எந்தத் தெருவுல தடுக்கி விழுந்தாலும் இந்தப் புடவை மேலதான் விழணும். நேக்குச் சும்மா கொடுத்தாக்கூட வேண்டாம்பேன்."

நீரஜாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சரோஜாதேவிக்கு வந்த கோபத்தில் சுண்டல் பொட்டலமே நசுங்கிப்போயிற்று.

பாவம், ஞானாம்பாள்தான் பேச்சை மாற்றப் பார்த்தாள். தைலாம்பாளின் மாம்பழக் கலர் பட்டு ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொல்லி, "இதே மாதிரி ஒண்ணை நான்கூட எங்கேயோ..." என்று ஆரம்பித்தாள்.

காமாக்ஷி அதையும் முடிக்க விடவில்லை. மாம்பழக் கலரை மாநிறக்காரர்கள் கட்டவே கூடாது என்றாள். தலைப்பில் இருப்பது அன்னமா வாத்தா என்று நெய்தவனுக்கே சந்தேகம் இருந்திருக்கும் என்றாள். இதையெல்லாம் பிள்ளையைப் பெற்றவளிடம் சொல்கிறாள்! தைலாம்பாள் முகம் சிவந்துபோய், தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதற்கப்புறம் யாரும் புடவைப் பேச்சை எடுக்கவில்லை. நீரஜாவைப் பாடச் சொன்னார்கள். அவளும் ஒரு கீர்த்தனையைப் பாடி முடித்தாள். தாம்பூலம் வாங்கிக்கொண்ட தைலாம்பாள், சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

சரோஜாதேவி வாசலிலேயே காமாக்ஷியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பொண்ணோட வாழ்க்கையை நாக்காலேயே அறுத்துட்டேளே, மாமி. இனிமே எங்காத்துப் படி ஏறாதேங்கோ."

காமாக்ஷி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "உன் புடவை பரவாயில்லை, சரோஜா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் காமாக்ஷி வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினாள் ஞானாம்பாள். நல்ல நாளென்று தைலாம்பாள் விடிந்ததும் விடியாததுமாக ஆள் அனுப்பிச் சம்மதம் சொல்லிவிட்டாளாம். சந்தோஷத்தில் ஞானாம்பாளுக்குப் பேச்சே குழறியது. பேசிக்கொண்டே, பைக்குள் மறைத்து எடுத்துவந்த பச்சைப் பட்டை எடுத்துக் காமாக்ஷியின் கையில் வைத்தாள்.

"நல்ல வேளை மாமி, அப்படித் திட்டினேளோ, பொழைச்சேன். உங்க புடவைன்னு கண்டுபிடிச்சுடுவாளோன்னு நேக்கு உயிரே போயிடுத்து. பொண்ணோட அம்மா இரவல் தோடு போட்டுண்டிருந்தான்னு, போன வருஷம் ஒரு சம்பந்தத்தையே வேண்டாம்னவளாச்சே அந்த மாமி."

காமாக்ஷி பதில் சொல்வதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். குரலைக் கேட்டதுதான் தாமதம், ஞானாம்பாளை வந்த வழியே வெளியே தள்ளிக் கொல்லைக் கதவைத் தாழிட்டாள். பச்சைப் பட்டைப் பீரோவுக்குள் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

தைலாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கைப்பையிலிருந்து மாம்பழக் கலர் பட்டை எடுத்து நீட்டினாள்.

"நல்ல வேளை மாமி, அப்படித் திட்டினேளோ, பொழைச்சேன்" என்றாள். "உங்க புடவைன்னு சம்பந்தி கண்டுபிடிச்சிருந்தா, என் பிள்ளைக்கு அந்தாத்துல பொண்ணு கொடுத்திருப்பாளா?"