கேசரித் தட்டு

“கேசரிய இங்க குடுண்ணே.”

“முடியாது லா.”

“இந்த மாத்திரை வந்ததுலேர்ந்து வீட்ல தினம் இதே சண்டை” என்றாள் தங்கை.

“மாத்திரை நிக்கக் கூடாது. கேசரிதான் நிக்கணும்” என்றான் ரூபேந்திரன், வாய் நிறையக் கேசரியோடு.

காஹாங்கில் எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டில் யாரோ மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள், அது பசியைக் கிளப்பி எடையை ஏற்றுகிறது என்பதுவரை என் காதுக்குத் தானாகவே வந்துவிட்டது. யார் என்று கேட்கவா வேண்டும்? ரூபேந்திரன் வருவதற்கு முன்பே அவன் தொப்பை வாசலுக்கு வந்துவிடும். தங்கை லோஷினி கீரைத்தண்டு மாதிரி இருப்பாள். பாவம், தினமும் அண்ணனைத் திடலுக்கு நடக்கக் கூட்டிப்போவாள்.

மேல்விவரம் அறிய நான் வாரம் தவறாமல் கேசரியோடு போனேன். வெறும் தட்டைத் திருப்பக் கூடாதென்று வெள்ளரிக்காய் வைத்துக் கொடுப்பார்கள். கேசரிக்கு வெள்ளரிக்காயாம்!

பெக்கோக்கிலிருந்து பெண்ணையும் கூட்டிக்கொண்டு ரூபேந்திரனுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்ற கடமைக்கு, பெண்ணின் காதில் மாத்திரை விஷயத்தைப் போட்டு வைத்தேன். அவளோ எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

“மாப்பிள்ளை மாத்திரை சாப்பிடுறாராமே?”

லோஷினி என்னைப் பார்த்தாள். “மாத்திரை எனக்குத்தான், ஆண்ட்டி. எடை கூடுனா நான் மாத்திரைய நிறுத்திருவேன்னு பயந்து, நீங்க கொண்டாந்ததெல்லாம் அண்ணனே தின்னு தீர்த்தாரு.”

பெக்கோக் பெண் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டாள்.

கல்யாணம் முடிந்து மூவரும் செனாய்க்குக் குடிபோனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சமைக்காதவர்களாகப் பார்த்துத்தான் வீடு பிடித்தார்களாம். ரூபேந்திரன் இப்போது பாதியாக இளைத்துவிட்டானாம்.