தூக்கிய கை

"கையைத் தூக்குங்க! சீக்கிரம் கையைத் தூக்குங்க!"

இருட்டில் அக்கா போட்ட சத்தத்தில் தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடன்தான் வந்துவிட்டான் என்று நினைத்து, தட்டை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். பளிச்சென்று விளக்கு எரிந்தது. எதிரே அத்தானும் ஒரு கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், சாப்பிடற இடத்துல சரணடையறீங்க?"

"சென்சார் லைட்டுப்பா. ஆள் அசைஞ்சா எரியும், அசையலைன்னா அணைஞ்சுடும். வீடு பூரா மாட்டிட்டேன். மின்சாரம் எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

"நாமதான் அசைஞ்சுக்கிட்டே இருக்கோமே, சாப்பிடறோம் இல்ல?"

"வாய் அசையறதெல்லாம் அதோட கண்ணுக்குத் தெரியாதுடா" என்றாள் அக்கா. "உங்க அத்தானுக்கு இப்ப எங்க இருட்டானாலும் கை தன்னால மேல போயிடுது. போன வாரம் தியேட்டர்ல லைட்டை அணைச்சாங்களோ இல்லையோ, தூக்கிட்டாரு. பாப்கார்ன் விக்கிறவர் ஓடி வந்து ரெண்டு பொட்டலத்தைத் திணிச்சுட்டுப் போயிட்டாரு."

அந்தக் குடியிருப்பில் அத்தானுக்கு 'மிச்சம்' என்றுதான் பெயர். துணி அலசிய தண்ணீரில் வீடு துடைக்க வேண்டும். துடைத்த தண்ணீர் கழிப்பறைக்குப் போக வேண்டும். காய்கறித் தோல் பால்கனித் தொட்டியில் உரமாகும். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் என்ன எடுக்கப் போகிறோம் என்று யோசித்துவிட வேண்டும், திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. எல்லாம் நல்ல காரியம்தான். அக்காவும் முகம் சுளிக்காமல் செய்துகொண்டிருந்தாள், அவர் லிஃப்ட்டில் கை வைக்கும்வரை.

"லிஃப்ட்டை நிறுத்தினா இந்தக் கட்டடத்தோட மின்சாரத்துல பாதி மிச்சம்" என்று சங்கத்தில் பேசிப் பேசியே, ஒரு மாதமாகச் சோதனைக்கு அதை நிறுத்தி வைத்திருந்தார். வீடோ நான்காவது மாடி. அக்காவின் மூட்டோ, மாடிப்படியே ஏறக் கூடாது என்று டாக்டர் எச்சரித்த மூட்டு. ஒவ்வொரு மாடியிலும் அவள் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்து, இரண்டாவது மாடிக்காரர்கள் அவளுக்காகவே வாசலில் ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

"ஏங்க, இன்னைக்கு ஓட்டெடுப்புல மட்டும் கொஞ்சம் மனசு வையுங்க" என்றாள். "உங்களுக்கு எல்லாம் மிச்சமாகுது. என் மூட்டுதான் மிச்சமில்லாமப் போகுது."

"படி ஏறினா உடம்புக்கு நல்லது. ஊருக்கே உபதேசம் பண்ணிட்டு, நானே லிஃப்ட் வேணும்னு கை தூக்கினா சிரிக்க மாட்டாங்க?"

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு ஒரே ஓட்டு. அதுவும் அத்தான் பெயரில். மேல் மாடிக்காரர்கள் எல்லாரும் லிஃப்ட் பக்கம். கீழே இருப்பவர்களுக்குச் செலவு குறைந்தால் போதும். இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்ததால், அத்தானின் கைதான் முடிவு சொல்ல வேண்டும்.

"போன தடவை ஒருத்தர் கையைத் தூக்கிட்டு இறக்கிட்டாராமே அத்தான்?"

"விட்டுடுவேனா? தூக்கின கை தூக்கினதுதான், இறக்கினாலும் கணக்குதான்னு அப்பவே தீர்மானம் போட வச்சுட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அத்தான்.

கூட்டம் தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத சங்க அறையில். அக்காவும் கிளம்பினாள்.

"உனக்குத்தான் ஓட்டு கிடையாதே, நீ எதுக்கு வர்ற?"

"வேடிக்கை பார்க்கத்தான்."

தம்பி கைத்தாங்கலாக அவளை இறக்கிக் கொண்டுவந்தான். நடக்க முடியாதவளை முன்வரிசைவரை இழுப்பானேன் என்று கதவோரமாகவே ஒரு நாற்காலி போட்டார்கள். அத்தான் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவருக்கு உரத்தொட்டியின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "ரொம்ப நேரம் இழுக்க வேண்டாம். லிஃப்ட் திரும்ப ஓடணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

மேல் மாடிக் கைகள் எழுந்தன. அத்தான் இரண்டு கையையும் மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அறை கும்மிருட்டானது.

மறுபடி வெளிச்சம் வந்தபோது, அத்தனை கைகளுக்கும் மேலே ஒரு கை உயர்ந்து ஜோராக ஆடிக்கொண்டிருந்தது.

"அட, சாரும் நம்ம பக்கம்!" என்று மூன்றாவது மாடிக்காரர் கை தட்டினார். அறையே கை தட்டியது.

அத்தான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "இல்லல்ல! இது... இது பழக்கதோஷம்!"

"தூக்கின கை தூக்கினதுதான் சார், நீங்க போட்ட தீர்மானம்" என்றார் செயலாளர். "லிஃப்ட் ஓடும். தீர்ந்தது விஷயம்."

"என்ன சார் அநியாயம்! கரன்ட் போச்சு, அதனாலதான் தூக்கினேன்!"

செயலாளர் அண்ணாந்து பார்த்தார். "கரன்ட் எங்க போச்சு? ஃபேன் நிக்காம ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு."

அத்தான் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார். நாற்காலியில் இருந்தபடியே சுவிட்சிலிருந்து விரலை எடுத்த அக்கா சொன்னாள்:

"வீணா எரியற லைட்டைக் கண்டா உடனே அணைக்கணும்னு நீங்கதானேங்க சொல்லிக் கொடுத்தீங்க!"